கப்புக்கடை அண்ணி

என் அண்ணி எந்தப் பந்தயத்திலும் கலந்துகொண்டு நான் பார்த்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டார். "அடுத்தது வரும், அதுல சீட்டும் இருக்கும்" என்பார். ஆனால் எங்கள் பக்கத்தில் யார் எதில் ஜெயித்தாலும், அண்ணியின் கை படாமல் அந்த வெற்றி வீடு போய்ச் சேராது. எங்களுடையது கப்பு, ஷீல்டு, மெடல் விற்கிற கடை.

வெளியே நின்று பார்த்தால் கடை தகதகவென்று தங்கம். உள்ளே வந்து தட்டிப் பார்த்தால் முக்கால்வாசி பிளாஸ்டிக். கப்பு எதுவும் முழுசாக வந்து இறங்குவதில்லை. பீடம் ஒரு பெட்டி, தண்டு ஒரு பெட்டி, கிண்ணம் ஒரு பெட்டி, இரண்டு பக்கக் காதும் இன்னொரு பெட்டி என்று துண்டு துண்டாகத்தான் வரும். என் அண்ணன் பின்னறையில் உட்கார்ந்து, நடுவில் நீளமான போல்ட்டை விட்டு, அடியில் நட்டை முடுக்கி உருப்படியாக்குவான். அவனுக்குப் பேச்சு குறைவு. அவன் பங்கையும் சேர்த்து நான் பேசிவிடுவேன் என்பதால் என்னைக் கல்லாவில் உட்கார வைத்திருந்தார்கள். கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் எனக்கு வீடு. தூங்கப் போவதோடு சரி. அண்ணி ஜன்னல் ஓரமாக எழுத்து வெட்டும் மெஷினில் இருப்பார். 'முதல் பரிசு', 'இரண்டாம் பரிசு', 'சிறந்த ஆட்டக்காரர்' என்று தகடுகளில் பளிச்சென்று இருப்பதெல்லாம் அவர் வெட்டியதுதான்.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே கடையில் இருந்தால் கப்பு பறக்கும் என்று சொந்தக்காரர்கள் ஆசையோடு காத்திருந்தார்கள். பறக்கவில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். அண்ணிக்குக் கோபம் என்பது எந்தக் கடையில் கிடைக்கும் என்றுகூடத் தெரியாது. "உன் கோபத்துல பாதியை எனக்குக் குடு நாத்தனாரே, உனக்கும் சுமை குறையும்" என்பார். கொடுத்துப் பார்த்தேன். அவர்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. போட்டி நடப்பதற்கு முன்னாலேயே கப்பு வாங்கிவிடுவார்கள். 'முதல் பரிசு' என்று வெட்டிக் கொடுக்கலாம். யாருக்கு என்று வெட்ட முடியாது. பேர்த் தகடு காலியாகத்தான் போகும். ஆட்டம் முடிந்ததும் கொண்டு வருவார்கள், அண்ணி பேரை வெட்டிக் கொடுப்பார். ஒருமுறை ஒரு வாலிபால் கிளப்பின் தலைவர், தன் பையன் டீம்தான் ஜெயிக்கும், இப்போதே பேரை வெட்டு என்று ஒற்றைக் காலில் நின்றார். வெட்டிக் கொடுத்தார் அண்ணி. அந்த டீம் அரையிறுதியிலேயே மண்ணைக் கவ்வியது. தலைவர் கப்பைத் தலையணை உறைக்குள் போட்டு, திருட்டுப் பூனையைத் தூக்கி வருவதுபோலக் கொண்டு வந்தார். அன்றோடு அண்ணி சட்டம் போட்டுவிட்டார். முடிவு தெரியாமல் பேர் வெட்டுவதில்லை, கேட்பது யாராக இருந்தாலும் சரி.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. இரண்டாம் பரிசுக் கப்பைத்தான் அதிகம் துடைப்பார். "ஜெயிச்சவங்க எங்க உத்துப் பார்க்கறாங்க? தலைக்கு மேல தூக்கிட்டு ஓடிடுவாங்க. ரெண்டாவது வந்தவங்கதான் வீட்டுல தனியா உட்காந்து பார்த்துட்டே இருப்பாங்க. அதுல கீறல் இருந்தா மனசு கஷ்டப்படும்."

நாங்கள் கேப்டன் என்று கூப்பிடுகிற அம்மா எங்களுக்குப் பழக்கமானது இந்தக் கடையில்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வருஷா வருஷம் மெடல் வாங்க வருவார். குரல் எப்படி என்றால், எங்கள் கடையில் நின்று தண்ணீர் கேட்டால் பக்கத்து மருந்துக் கடையில் பாட்டிலை எடுத்து வைப்பார்கள். ரிடையர் ஆனபிறகும் கழுத்து விசிலை விடவில்லை. காலையில் பூங்காவில் நடக்கிற பெண்களைக் கோஷ்டி சேர்த்து விரட்டிக்கொண்டிருந்தார். அண்ணியைக் கடை வாசலிலிருந்து இழுத்துக்கொண்டு போனதும் அவர்தான்.

"ஏய் கப்புக்காரி, காலை எட்டி வை."

"நான் ரெண்டாம் பரிசுக்குத்தான் நடக்கறேன், நீ கத்தாத."

இப்படித்தான் பேச்சு ஓடும். கடைசியில் விரட்டுகிறவரும் விரட்டப்படுகிறவரும் எல்லோருக்கும் பின்னால் கதை பேசிக்கொண்டு வருவார்கள். என்னதான் பேசினார்களோ. மழையால் ஒருநாள் நடை இல்லையென்றால் அண்ணி அன்று முழுக்க எதையோ தொலைத்தவர் போல மேஜை அடியில் எல்லாம் தேடிக்கொண்டிருப்பார்.

பிறகு அண்ணிக்கு மார்பில் கட்டி வந்தது. பரிசோதித்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்றார்கள்.

அடுத்த நாளே எங்கள் வீடு படை முகாமாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் தளபதிகள். போராடணும், விடக் கூடாது, எதிர்த்து நிக்கணும், ஜெயிச்சே தீரணும். எங்கள் பெரியப்பா மகன், சளி பிடித்தாலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உயில் எழுதக் கிளம்புகிற மனிதர், அண்ணி எதிரே உட்கார்ந்துகொண்டு, "மனசு திடமா இருந்தா இதெல்லாம் ஓடியே போயிடும்" என்றார்.

"போன மாசம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப மனசு எங்க வெளியூர் போயிருந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன். காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். அண்ணி அவருக்காக வருத்தப்பட்டார். பிறகு தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தார்.

"ஆனா ஒண்ணு புரியல" என்றார். "சண்டை போடு, சண்டை போடுங்கறாங்களே, எதிராளி யாரு? அந்தக் கட்டியும் நான் தின்ன சோத்துல வளர்ந்ததுதானே. ரெண்டு பக்கமும் நானே ஆடணுமா?"

அறுவை சிகிச்சை, அப்புறம் கீமோ, அப்புறம் ரேடியேஷன். நான் பக்கத்திலேயே இருந்தேன். அண்ணி ஒரு வாளையும் வீசவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கையை நீட்டுவார், மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். வீட்டுக்கு வந்து வாந்தி எடுப்பார், தூங்குவார். தலைமுடி போனது. விரல் நுனிகள் மரத்துப்போயின. மெஷினில் சின்ன ஸ்குரூவை எடுத்தால் எடுத்தது தெரியாது, விட்டது தெரியாது. தரையில் உருளுவதை அண்ணன் தவழ்ந்து போய்ப் பொறுக்குவான். நடையைக் கேப்டன் விடவில்லை. நடக்க முடியாத நாட்களில் பூங்கா பெஞ்சில் உட்கார வைத்துக் காற்று வாங்க வைத்தார்.

சிகிச்சை முடிகிற சமயத்தில் கேப்டன் ரகசியமாகப் பின்னறைக்குப் போய் அண்ணனிடம் ஒரு ஆர்டர் கொடுத்திருக்கிறார். கடையிலேயே பெரிய கப்பு, இடுப்பு உயரம். அண்ணனுக்கு இல்லை என்று சொல்ல வராது. அதனால் வாசகம் மட்டும் அண்ணியின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. 'புற்றுநோயை வென்ற வீராங்கனை.'

"யாருக்காம் இது?" என்று கேட்டார் அண்ணி.

"ஏதோ சங்கம்" என்றான் அண்ணன், பீடத்தைப் பார்த்துக்கொண்டே.

"பேரு?"

"பேரை அப்புறம் வெட்டிக்கறாங்களாம்."

"நல்ல பார்ட்டி. நம்ம சட்டம் தெரிஞ்சவங்க" என்றார். மரத்த விரல்களோடு இரண்டு தகடுகளைப் பாழாக்கி, மூன்றாவதை ஒழுங்காக வெட்டினார்.

சிகிச்சை முடிந்ததும் பூங்காவில் நாற்காலி போட்டு, ஸ்பீக்கர் வைத்து, கோஷ்டி முழுக்க ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றது. கேப்டன் விசில் ஊதினார். தான் வெட்டிய கப்பு தன்னிடமே நடந்து வருவதைப் பார்த்து அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். "பேரை மட்டும் நீயே வெட்டிக்கடி. உன் கையாலயே வெட்டணும்" என்றார் கேப்டன். எல்லோரும் கைதட்டினார்கள். அழுதார்கள். நானும் அழுதேன், பொய் சொல்லவில்லை. அவ்வளவு அன்பு இருந்தது அந்த இடத்தில்.

கப்பைக் கடைக்குக் கொண்டு வந்து உயரத்தட்டில் வைத்தோம். பேர் வெட்டவில்லை. கேட்டால், "இன்னும் செக்கப் போயிட்டுதானே இருக்கேன். சட்டம்னா எனக்கும் சட்டம்தான்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

ஒரு வருஷம் போனது. முடி வளர்ந்தது, அதுவும் சுருள் சுருளாக. "கீமோல பெர்மிங் ஃப்ரீ" என்று எல்லோரிடமும் காட்டினார். அதற்குப் பிறகு ஒரு செக்கப்பில், ஈரலுக்குப் பரவியிருக்கிறது என்றார்கள். இந்தத் தடவை முழுசாகக் குணமாகாது, மருந்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அண்ணி ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து முதலில் கேட்டது இதுதான்: "கேப்டன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"இப்ப அதுதான் முக்கியமா அண்ணி?"

"கப்பு குடுத்தாங்களே. அத்தனை பேரு முன்னாடி. இப்ப போய், இல்ல, நான் ஜெயிக்கலன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கப்பு அங்கே இருந்திருந்தால் உடைத்திருப்பேன். உடம்பு சரியில்லாத மனுஷி, ஊரை ஏமாற்றியவர் போலத் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். என்ன தப்பு செய்தார்? மாத்திரையைத் தப்பவிட்டாரா, டாக்டர் சொன்னதை மீறினாரா?

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நடைக்குப் போவதை நிறுத்தினார். முழங்கால் வலி என்றார். கேப்டன் கடைக்கு வந்தால் பின்னறைக்குப் போய்விடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்கு. வாய் நமநமவென்று இருக்கும், அண்ணி முகத்தைப் பார்த்து அடக்கிக்கொள்வேன். கேப்டனுக்கும் முகம் விழுந்தது. "ஜெயிச்சதும் நம்மளை எல்லாம் மறந்துட்டா போல" என்று ஒருநாள் என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். அதைப் பின்னறையிலிருந்து அண்ணி கேட்டார். அன்று மெஷினைத் திறக்கவே இல்லை.

அண்ணிக்குச் சாவு பயம் இல்லை என்று நான் கதை விட மாட்டேன். இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு "பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பயத்தைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் நடக்க அவருக்கு வேண்டியிருந்தது கேப்டன். ஜெயித்தவள் என்கிற பேரோடு மட்டும்தான் கேப்டன் தன்னைச் சேர்த்துக்கொள்வார், இல்லாவிட்டால் இழந்துவிடுவோம் என்று நம்பிவிட்டார். இருக்கிற கொஞ்ச நாளில் அந்த ஒரு சிநேகிதி வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

விஷயம் வெடித்தது கேப்டனாலேயே. ஒருநாள் நேராகப் பின்னறைக்கே வந்துவிட்டார். "உன் முழங்காலும் வேண்டாம், உன் நட்பும் வேண்டாம். ஒரு உதவி மட்டும் செய். எங்க ஸ்கூல் கணக்கு டீச்சர், சின்னப் பொண்ணு, உனக்கு வந்ததேதான் வந்திருக்கு. பயந்து போய் யார்கிட்டயும் பேச மாட்டேங்குது. நீ வந்து எப்படி ஜெயிச்சேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

அண்ணி என்னைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்வார் என நினைத்தேன். "சரி, வரேன்" என்றார்.

மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் கீமோ கொடுக்கிற அறைக்குப் போனோம். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மருந்துப் பை தொங்கும் கம்பி. ஓரத்து நாற்காலியில் கணக்கு டீச்சர். தலையில் பூப்போட்ட துணி, மடியில் திருத்தாத விடைத்தாள்கள். கேப்டன் அண்ணியை முன்னால் தள்ளி, "இவதான். நம்ம சாம்பியன்" என்றார்.

"எப்படி ஜெயிச்சீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம்.

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் ஜெயிக்கலம்மா" என்றார். "மருந்து வேலை செஞ்சுது. அப்புறம் செய்யல. திரும்ப வந்துடுச்சு, ஈரல்ல. டாக்டர் சொன்னதெல்லாம் கேட்டேன், சாப்பிட்டேன், தூங்கினேன், தினமும் நடந்தேன். அப்படியும் வந்துச்சு. உனக்கு வராமலே போகலாம், நிறைய பேருக்கு வர்றதில்ல. ஆனா வந்தா, நீ சரியாப் போராடலன்னு யாராவது சொல்லுவாங்க. சொல்லாட்டாலும் உனக்கே தோணும். நம்பிடாத. எனக்குத் தோணிச்சு, நாலு மாசமா வெக்கப்பட்டு ஒளிஞ்சுட்டு இருந்தேன்."

பயந்துவிடப் போகிறாள் என்று எனக்குப் பதைத்தது. அவள் பெருமூச்சு விட்டாள். "தினமும் ஆளாளுக்கு வந்து போராடு போராடுங்கறாங்க. எனக்கு வாந்தி எடுக்கவே நேரம் பத்தல" என்றாள். அண்ணி சிரித்தார். இரண்டு பேரும் வாந்தியைப் பற்றியே ரொம்ப நேரம் பேசினார்கள், எந்த பிஸ்கெட் தங்கும், எது தங்காது என்று.

கேப்டன் அங்கே இல்லை. தேடிக்கொண்டு போனேன். நடைக்கூடத்துக் கடைசியில் ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல அவ?"

சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "சொல்ற மாதிரியா வெச்சீங்க? ஸ்பீக்கர் வெச்சு, கைதட்டி, இடுப்பு உயரத்துக்குக் கப்பு குடுத்தா அப்புறம் எந்த வாயால சொல்லுவாங்க? நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயப்படல கேப்டன். உங்களைத் தோக்கடிச்சுட்டோமேன்னு அழுதாங்க. உங்க அன்புதான் அவங்க கழுத்தை நெரிச்சுது."

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். கேப்டன் ஜன்னலை விட்டு விலகினார். படி இறங்கிப் போய்விட்டார். திரும்பி வந்தால் அண்ணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயிட்டாளா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "பாவம், அவளுக்கு என்ன செய்யறதுன்னு தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சது விசில் மட்டும்தான்" என்று அண்ணிதான் எனக்குச் சமாதானம் சொன்னார். 

பிறகு ஒரு காலை கடை திறக்கப் போனால் வாசல்படியில் கேப்டன் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் விசில் இல்லாமல். அண்ணி வந்ததும் எழுந்து நின்றார், தாமதமாக வந்த பிள்ளை போல.

"எனக்கு என்ன பேசணும்னு தெரியலடி. ஆயுசு முழுக்க 'விடாத, ஓடு'ன்னு கத்தியே பழகிட்டேன். வேற ஒண்ணும் வரல. அதான் இந்தப் பக்கமே வராம இருந்தேன்."

"கத்தாம பக்கத்துல உட்காரத் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்கறேன்."

"அப்ப வா" என்று கதவைத் திறந்துவிட்டார் அண்ணி.

முதல் காரியமாக அந்தப் பெரிய கப்பை இறக்கச் சொன்னார். தகட்டைக் கேப்டனே கழற்றினார். மறு வாரம் அந்தக் கப்பு ஒரு ஆபீஸ் கேரம் போட்டிக்கு விலைபோனது. "நல்ல சரக்கு, வீணாகக் கூடாது" என்றார் அண்ணி. நாங்கள் வியாபாரிகள், எங்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

கேப்டன் தினமும் வர ஆரம்பித்தார். பழக்கதோஷம் போகுமா? "முயற்சி பண்ணு", "தோத்துடாத", "எதிர்த்து நில்லு" என்று வாயில் வந்துகொண்டே இருக்கும். அண்ணி அபராதம் போட்டார். ஒரு சண்டை வார்த்தைக்கு ஒரு கட்டு மெடலுக்கு ரிப்பன் கோர்க்க வேண்டும். பள்ளிக்கூடங்களில் ஸ்போர்ட்ஸ் டே சீசன் அது. எங்களுக்கு ஆள் வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. போகப் போக வார்த்தை குறைந்தது, ரிப்பன் கோர்ப்பது மட்டும் நிற்கவில்லை. நடை இப்போது கடைக்குள்தான், மெஷினிலிருந்து கல்லா வரைக்கும், கல்லாவிலிருந்து மெஷின் வரைக்கும். பழையபடி ஏதோ பேசிக்கொண்டே நடந்தார்கள். ஒருமுறை அண்ணி "பயமா இருக்குடி" என்றது காதில் விழுந்தது. கேப்டன் என்ன சொல்லப் போகிறார் என்று நான் சில்லறையை எண்ணாமல் காத்திருந்தேன். "எனக்கும்தான்" என்றார்.

மருந்து கொஞ்ச காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. இன்னொரு மருந்து இருக்கிறது, கடுமையானது, பலன் மிகக் குறைவு என்றார் டாக்டர். அண்ணி வேண்டாம் என்றுவிட்டார். "இருக்கிற நாளையும் வாளிகிட்ட குனிஞ்சே கழிக்கணுமா?" அண்ணனால் அதைத் தாங்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நீளமான பேச்சு பேசினான். இப்படி விட்டுவிடலாமா, இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கடைசி வரைக்கும் பார்க்க வேண்டாமா என்றெல்லாம் அழுதான். பிறகு கேப்டனிடம் திரும்பினான்.

"நீங்க சொன்னா கேப்பா. விடாதன்னு சொல்லுங்க."

விடாதே என்பதுதான் கேப்டனுக்குத் தெரிந்த ஒரே பாடம். அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினார். அவர் முகத்தில் அந்த வார்த்தை வந்து முட்டியதை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் அண்ணனின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "நான் சொல்ல மாட்டேன்" என்றார். "அவளுக்குக் களைச்சுப் போச்சு. நான் பக்கத்துல உட்கார்றேன், நீயும் வந்து உட்காரு."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவு நிம்மதியை ஒரு முகத்தில் நான் பார்த்ததில்லை. கப்பு வாங்கியபோதுகூட அந்த முகம் இப்படி இல்லை.

அதற்குப் பிறகு இருந்த நாட்கள் நன்றாகவே இருந்தன, நம்பினால் நம்புங்கள். வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போக ஒரு நர்ஸ் வருவார். கணக்கு டீச்சர் வந்து படுக்கை ஓரமாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள். தப்பான விடைகளை அண்ணிக்குப் படித்துக் காட்டினால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அண்ணன் கப்புகளை வீட்டுக்கே கொண்டுவந்து அண்ணியின் கண் எதிரே முடுக்கினான். பெரியப்பா மகன் ஒருமுறை வந்தார், மனசைப் பற்றிப் பேசவில்லை, காப்பி குடித்துவிட்டுப் போனார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஒரு மத்தியான வேளையில், ஒரு கையைக் கேப்டனும் ஒரு கையை அண்ணனும் பிடித்திருக்க, அண்ணி தூங்கினார். அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டார்.

வீடு நிறைய ஆட்கள். கடைத்தெரு வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், மனசறிந்து கெட்டது நினைக்காதவர். கூடியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "கடைசி மூச்சு வரைக்கும் வீரமாப் போராடினாங்க. என்ன செய்யறது, கடைசில தோத்துட்டாங்க" என்றார்.

எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் மூலையில் உட்கார்ந்திருந்த கேப்டன் எழுந்து வந்தார். மைதானத்தையே நடுங்க வைத்த அந்தக் குரல் எதிரே நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"அவ எங்கயும் தோக்கல சார். உடம்பு சரியில்லாம போச்சு. மருந்து கேக்கல. செத்துப் போயிட்டா. நாளைக்குக் காலைல நான் யார்கூட நடப்பேன்?"